கழட்டி நைனாவின் மீசை

மெட்ராஸ் பட்டணத்தில் ஓடிக்கொண்டிருந்த கார்களில் சரிபாதியை அம்மணமாகப் பார்த்த ஒரே மனிதர் கழட்டி நைனாதான். மிச்சப் பாதியையும் பார்த்திருப்பார். ஆனால் அந்தக் கார்களின் சொந்தக்காரர்கள் பயந்துகொண்டு எங்கள் ஷெட் பக்கமே வராமல் இருந்துவிட்டார்கள்.

ஷெட் இருந்தது மயிலாப்பூரில், லஸ்ஸிலிருந்து கூப்பிடு தூரத்தில். அடிபட்டு வரும் கார்களுக்கு ஒடுக்கு எடுத்துப் பெயின்ட் அடிப்பது அங்கே தொழில். உலக யுத்தம் அப்போதுதான் முடிந்திருந்தது. பெட்ரோல் கிடைக்காமல் வருஷக்கணக்கில் கொட்டகையில் தூங்கிய கார்கள் எல்லாம், விளக்கை மறைத்த கறுப்புப் பூச்சும் மட்கார்டு ஓரத்து வெள்ளைக் கோடுமாக எங்கள் வாசலில் வந்து வரிசை கட்டி நின்றன. நான் அங்கே குமாஸ்தா. காரோடு வருகிறவரை வரவேற்று, பிறகு அவரைச் சமாதானப்படுத்தி அனுப்புவது என் உத்தியோகம். சமாதானம் எதற்கு என்றால் எல்லாம் நைனாவால்தான்.

பெயின்ட் அடிப்பதற்கு முன்னால் காரின் மேலே இருக்கும் பளபள சாமான்களை அப்புறப்படுத்த வேண்டும். பம்பர், கதவின் கைப்பிடி, விளக்கைச் சுற்றிய வளையம், பக்கவாட்டில் ஓடும் மெல்லிய பட்டி, பானெட்டின் மூக்கில் உட்கார்ந்திருக்கும் பறவை, எல்லாவற்றையும். மற்ற ஷெட்டுகளில் இந்தக் கஷ்டம் எல்லாம் படமாட்டார்கள். பழைய பேப்பரைப் பசை தடவி அவற்றின் மேல் ஒட்டிவிட்டு, சுற்றிப் பெயின்ட் அடித்துவிடுவார்கள். நைனாவைப் பொறுத்தவரை அது கொலைக்குற்றம்.

"தலிக்கி எண்ணெ தேய்க்க சொல்லோ சொக்கா போட்டுக்கினா தேய்ப்பே?" என்று கேட்பார். காரின் சொந்தக்காரர் பதில் சொல்வதற்குள் ஒரு கைப்பிடி கழன்று அவர் கையில் வந்திருக்கும்.

நிஜப் பெயர் என்ன என்று யாரும் அவரைக் கேட்டதில்லை. ஆள் குள்ளம். காக்கி அரைக்கால்சட்டை, தோளில் ஓட்டை விழுந்த பனியன். ஆனால் மீசை மட்டும் ஏதோ ஜமீனில் இருந்து வழி தவறி வந்து அந்த முகத்தில் தங்கிவிட்டது போல இருக்கும். அந்த மீசைக்கும் தொழிலுக்கும் சம்பந்தம் உண்டு. கழற்றிய பம்பரைத் துடைத்து முகத்துக்கு நேரே தூக்கிப் பிடிப்பார். மீசையின் முடி ஒவ்வொன்றும் அதில் தனித்தனியாகத் தெரிந்தால் துடைத்தது போதும் என்று அர்த்தம். தெரியாவிட்டால் பம்பரைத் திட்டிக்கொண்டே மறுபடி துடைப்பார்.

கழற்றிய சாமான்களை அவர் மூலையில் குவிக்க மாட்டார். தரையில் கோணியை விரித்து, எது எது காரில் எங்கே இருந்ததோ அதே இடத்தில் பரப்பி வைப்பார். முன் பம்பர் முன்னால், பின் பம்பர் பின்னால், நடுவில் இரண்டு பக்கமும் பட்டிகள், கைப்பிடிகள். அதனதன் திருகாணி அதனதன் பக்கத்தில். ஆகவே ஷெட்டில் ஒரு கார் நிற்கும், பக்கத்திலேயே தரையில் அதே கார் படுத்திருக்கும். இந்தப் படுத்திருக்கும் காரை யாரும் தாண்டக் கூடாது. ஒரு தடவை முதலாளியே ஏதோ ஞாபகமாகக் குறுக்கே போய்விட்டார்.

"மொதலாளி! பானெட்டு மேல ஏறினு நிக்கிறியே, எறங்கு!" என்று நைனா போட்ட சத்தத்தில், வெறும் தரையில் நின்ற முதலாளி நிஜமாகவே ஒரு குதி குதித்து இறங்கினார். அதற்குப் பிறகு நாங்கள் எல்லோரும் சுற்றிக்கொண்டுதான் போவோம். நைனா மட்டும் மத்தியானம் தூக்குச்சட்டியுடன் கதவு இருக்கும் இடத்தின் வழியாக உள்ளே நுழைந்து, டிரைவர் ஆசனம் இருக்க வேண்டிய இடத்தில் சம்மணம் போட்டு உட்கார்ந்து சாப்பிடுவார்.

வீட்டிலும் இதே கதைதான். மேற்கு மாம்பலத்தில் குடியிருந்தார். ஒரு பொங்கலுக்கு வீட்டுக்கு வெள்ளையடிக்க வேண்டும் என்று மனைவி சொன்னாராம். சொன்னது தப்பு. தாழ்ப்பாள், கொக்கி, கீல், ஜன்னல் கம்பி, கடைசியில் கதவு எல்லாவற்றையும் கழற்றித் தெருவில் வீடு மாதிரியே பரப்பி வைத்துவிட்டார். தெருவில் போன மாடு ஒன்று நேராகச் சமையலறைக்குப் போய்விட்டது. தெருவில் இருந்ததற்கா, வீட்டுக்குள் இருந்ததற்கா என்று நான் கேட்டுக்கொள்ளவில்லை. "என் தாலி ஒண்ணுதான் பாக்கி. அதுக்கும் திருகாணி இருந்திருந்தா கழட்டியிருப்பாரு" என்று அந்த அம்மாள் ஷெட்டுக்கே வந்து எங்களிடம் முறையிட்டார்.

நைனாவுக்கு ஷெட்டில் ஒரு ஜன்ம விரோதி உண்டு. பெயின்ட் அடிக்கும் அந்தோணி மேஸ்திரி. சாந்தோமில் மாதா கோயிலுக்குப் பக்கத்துத் தெருக்காரர். நைனா கழற்றி முடிக்கும் வரை அந்தோணி சும்மா நிற்க வேண்டும். சும்மா நிற்பது அந்தோணியின் ரத்தத்தில் இல்லை. ஒரு கையில் பசைச் சட்டியும் மறு கையில் பழைய பேப்பருமாக வந்து நின்று ஆசை காட்டுவார்.

"நைனா, ஒரு கைப்பிடிக்கு மட்டும் ஒட்டிக்கறேன். யாருக்குத் தெரியப் போவுது?"

"எனக்குத் தெரியும்ல? போ அந்தாண்ட."

இரண்டு பேரும் ஒரே பெஞ்சில் உட்கார்ந்து டீ குடித்து நான் பார்த்ததில்லை.

இந்த நிலையில்தான் வக்கீல் ஐயரின் கார் வந்தது. அபிராமபுரத்தில் இருந்தார். கூரையை மடக்கிவிடக்கூடிய பெரிய திறந்த கார். கோர்ட்டுக்குப் போனதைவிடக் கல்யாணத்துக்குப் போனதுதான் அதிகம். அவர் குடும்பத்தில் யாருக்குக் கல்யாணம் என்றாலும் மாப்பிள்ளையை அந்தக் காரில் வைத்துத்தான் ஊர்வலம் விடுவார்கள். இப்போது அவருடைய ஒரே பெண்ணுக்குக் கல்யாணம். மாப்பிள்ளைக்கு டில்லியில் வேலை, லீவு நவராத்திரிக்குத்தான் கிடைத்தது. அந்த வருஷம் நல்லவேளையாக நவராத்திரி புரட்டாசியில் வராமல் ஐப்பசியில் விழுந்ததால் விஜயதசமியன்று முகூர்த்தம் வைத்திருந்தார்கள்.

காரை விட்டுவிட்டுப் போன வக்கீல், இரண்டு நாள் கழித்து எட்டிப் பார்த்தார். பார்த்தவர் வாசலிலேயே நின்றுவிட்டார்.

"என்னங்காணும் இது! காரைக் குடுத்துட்டுப் போனேன், எலும்புக்கூடு நின்னுண்டிருக்கு!"

நைனா வாயிலிருந்து திருகாணிகளைத் துப்பினார். முக்கியமான வேலை நடக்கும்போது திருகாணியை அவர் வாயில்தான் வைத்திருப்பார். பிறகு வக்கீலைக் கையைப் பிடித்து அழைத்துப் போய், பட்டி இருந்த இடத்தைக் காட்டினார். அங்கே துருவோடு துருவாகக் காய்ந்த ரோஜா இதழ், வாழைநார், கல்கண்டுத் துணுக்கு, அதைத் தேடி வந்து குடியேறிய எறும்புக் கூட்டம் எல்லாம் இருந்தன.

"எத்தினி மாப்ள இந்த வண்டில குந்தினு போனாங்களோ, அத்தினி பேரு பூவும் இங்க கீது சாமி. காயிதம் ஒட்டி அட்ச்சா இத்தெல்லாம் உள்ளயே இருந்து வண்டியத் துன்னுடும்."

வக்கீல் ஒரு இதழை விரலால் எடுத்துப் பார்த்தார். அவருடைய தங்கையின் கல்யாணப் பூவாக இருக்கலாம். குரல் இறங்கிவிட்டது. "அதெல்லாம் சரிதான். ஆனா எனக்கு இருக்கறது ஒரே பொண்ணு. விஜயதசமிக்குக் கல்யாணம். மாப்பிள்ளை இந்தக் காரில்தான் வரணும். திருப்பி எல்லாத்தையும் மாட்டிடுவியோன்னோ?"

அவ்வளவுதான். நைனா இடுப்பில் கையை வைத்துக்கொண்டார்.

"கழட்டுனது ஒண்ணு வுடாம மாட்டாம இந்த வண்டி அந்தக் கேட்டத் தாண்டிச்சுன்னு வையி, இந்த மீசைய எட்த்துட்றேன்!"

ஷெட் முழுவதும் கேட்டது. அந்தோணி மேஸ்திரி பசைச் சட்டியைக் கீழே வைத்துவிட்டுக் கேட்டார்.

வேலை ஜோராக நடந்தது. ஒடுக்கு எடுத்து, துரு சுரண்டி, அந்தோணி கருநீலத்தில் பெயின்ட் அடித்து முடித்தார். பெயின்ட் நன்றாகக் காயட்டும் என்று விட்டுவைத்தார்கள். விஜயதசமி சாயங்காலம்தான் வண்டி வேண்டும், அன்று காலையில் மாட்டினால் போதும் என்று நைனா எங்களிடம் சொல்லியிருந்தார். நாங்களும் ஆயுத பூஜையில் இறங்கிவிட்டோம்.

ஆயுத பூஜை என்றால் எங்கள் ஷெட்டில் நைனா வைத்ததுதான் சட்டம். ஸ்பானர், சுத்தியல், திருப்புளி, பெயின்ட் அடிக்கிற துப்பாக்கி வரைக்கும் கழுவி, சந்தனம் குங்குமம் இட்டு, சாமி படத்துக்கு முன்னால் அடுக்க வேண்டும். மறுநாள் காலையில் மறுபூஜை முடிகிற வரை யாரும் ஒன்றையும் தொடக் கூடாது. முந்தைய வருஷம் முதலாளியின் சைக்கிள் சங்கிலி கழன்றுகொண்டு, அவர் படையலிலிருந்து ஒரு ஸ்பானரை எடுக்கப் போனார். நைனா குறுக்கே நின்று, சைக்கிளை வீடு வரை தள்ளிக்கொண்டு போக வைத்துவிட்டார். அந்தோணிக்கு இதில் எங்களைவிடப் பக்தி அதிகம். வீட்டில் இருந்த அரிவாள்மணையைக்கூடக் கொண்டுவந்து வைத்துவிட்டு, சுண்டலுக்கு முதல் ஆளாக உட்காருவார்.

அந்த ஆயுத பூஜையன்று மத்தியானம், சுண்டல் வாயில் இருக்கும்போது, வக்கீல் ஐயர் ஜட்கா வண்டியில் வந்து இறங்கினார்.

"கார் ரெடியா? ஆறு மணிக்குப் பிள்ளையார் கோயில்ல இருக்கணும். பூக்காரன் காத்துண்டிருக்கான்."

நைனா சிரித்தார். "கல்யாணம் நாளிக்குத்தானே சாமி? தாலி கட்டாம எப்டி ஊர்கோலம் போவான் மாப்ள?"

"என்ன ஓய் பேசறே? ஜானவாசம் முதல் நாள் சாயங்காலம்தானே! எங்காத்துல எல்லாம் மாப்பிள்ளையை அழைச்சிண்டு வந்தப்புறம்தான் மறுநாள் கல்யாணம்."

நைனாவின் வீட்டு வழக்கத்தில் தாலி கட்டி முடிந்து, அன்று சாயங்காலம்தான் பெண்ணும் மாப்பிள்ளையும் ஊர்கோலம் போவார்கள். அவர் பிறந்ததிலிருந்து பார்த்தது அது ஒன்றுதான். இன்னொரு மாதிரியும் இருக்கும் என்று அவருக்குத் தோன்றவே இல்லை. வக்கீலுக்கும் அதைச் சொல்ல வேண்டும் என்று தோன்றவில்லை.

கார் கருநீலத்தில் மொட்டையாக நின்றது. தரையில் இன்னொரு கார் சந்தனப் பொட்டுடன் படுத்திருந்தது. திருப்புளிகள் எல்லாம் சாமிக்கு முன்னால் மாலை போட்டுக்கொண்டு இருந்தன. நைனாவின் கை தானாகவே மீசைக்குப் போயிற்று.

"வேற ஷெட்டுல கேட்டுப் பார்த்தா?" என்றார் வக்கீல். கேட்டதும் அவருக்கே புரிந்துவிட்டது. மெட்ராஸ் முழுவதும் அன்றைக்கு ஒரு திருப்புளிகூட வேலை செய்யாது. "என் சட்டப் புஸ்தகமெல்லாம்கூட ஆத்துல பூஜையில்தான் இருக்கு. உன்னை எப்படி எடுன்னு சொல்லுவேன்?" என்று ஜட்காவின் படியிலேயே உட்கார்ந்துவிட்டார்.

முதலாளிதான் பெரிய மனது பண்ணினார். "நைனா, சாமிகிட்ட ஒரு மன்னிப்பு கேட்டுட்டு எடுத்துடு. யாரும் ஒண்ணும் சொல்ல மாட்டோம்."

எனக்கு அப்போது உள்ளூர ஆசையாகத்தான் இருந்தது. எடுத்துவிட்டால் மீசை பிழைத்துவிடும். நைனா படையலையும் பார்த்தார், காரையும் பார்த்தார்.

"போன வருசம் ஒன்னிய சைக்கிளத் தள்ளிக்கினு போவ வுட்டேன், மொதலாளி. இன்னிக்கி என் மீசைக்கோசரம் நானே தொட்டா நானு இன்னா மன்சன்? மீசை போவட்டும். பொண்ணு கல்யாணம் நிக்கக் கூடாது. வண்டிய வெளிய எடு."

"மொட்டையாவா?" என்றேன் நான்.

அப்போதுதான் பின்னாலிருந்து ஒரு குரல் கேட்டது. "பசை ஆயுதம் இல்லியே நைனா?"

அந்தோணி மேஸ்திரி, சட்டியுடன் நின்றுகொண்டிருந்தார். பூஜை அலங்காரத்துக்கு வாங்கிய ஜிகினாக் காகிதம் சுருள் சுருளாக மிச்சம் இருந்தது. நைனா சுவரைப் பார்த்துத் திரும்பி நின்றுகொண்டார். அந்தோணி தூரிகையையும் தொடாமல் விரலாலேயே பசையைத் தடவி, பட்டி இருந்த இடம் எல்லாம் ஜிகினாவை நூல் பிடித்த மாதிரி ஒட்டினார். வாசலில் கட்டியிருந்த வாழைமரங்களில் ஒன்றைக் கழற்றி, அதன் தண்டுக்கும் ஜிகினா சுற்றி, முன் பம்பர் இருந்த இடத்தில் கயிற்றால் கட்டினோம். பின்னால் இன்னொரு வாழை. பறவை இருந்த இடத்தில் ஒரு பூச்செண்டு. விளக்கு வளையங்களையும் சக்கரத்து மூடிகளையும் மட்டும் நைனா உள்ளங்கையால் அடித்தே மாட்டினார். அந்தக் கையை ஆயுதம் என்று சாமி கணக்கில் எடுத்துக்கொள்ளவில்லை.

வண்டி கேட்டைத் தாண்டியது. நைனா கண்ணை மூடிக்கொண்டார். அடுத்த கணமே படார் என்று ஒரு சத்தம். கைப்பிடியோடு பூட்டும் கழன்றிருந்ததால் மாப்பிள்ளை உட்கார வேண்டிய பக்கத்துக் கதவு தானாகத் திறந்து ஆடியது. கட்டினால் மாப்பிள்ளை எப்படி ஏறி இறங்குவார்? நைனா ஓடிப்போய் அந்தக் கதவைப் பிடித்தார். பிடித்தவர் விடவே இல்லை.

அரைக்கால்சட்டையோடு ஜானவாசத்தில் நடக்க முடியுமா? வக்கீல் தன் ஜரிகை அங்கவஸ்திரத்தையும் ஒரு வேஷ்டியையும் கொடுத்தார். மாட வீதியில் நாதஸ்வரம் முன்னால் போக, தலையில் கேஸ் விளக்கு சுமந்தவர்கள் இரண்டு பக்கமும் நடக்க, கோட்டு சூட்டு போட்ட மாப்பிள்ளையைச் சுற்றி ஊர்க் குழந்தைகள் எல்லாம் காரில் ஏறிக்கொள்ள, கதவைப் பிடித்துக்கொண்டு நைனா நடந்தார். மீசையை முறுக்கிவிட்டுக்கொண்டு, மார்பை நிமிர்த்திக்கொண்டு, ஒரு படைத்தளபதி மாதிரி நடந்தார். அந்த மீசைக்கு அது கடைசி சாயங்காலம் என்று எங்களுக்குத் தெரியும். தெருவுக்குத் தெரியாது. அவர் நடந்ததைப் பார்த்து எனக்கு அப்படி ஒரு பெருமை. இவர் எங்கள் ஷெட்டுக்காரர் என்று போகிற வருகிறவர்களிடம் எல்லாம் சொல்லிக்கொண்டே போனேன்.

யாரும் நம்பவில்லை. "பொண்ணுக்குப் பெரிய மாமாவாக்கும்" என்று ஒரு அம்மாள் இன்னொரு அம்மாளுக்கு விளக்கினார். அவருக்குச் சந்தனம் கொடுத்தார்கள், பன்னீர் தெளித்தார்கள். நைனா எல்லாவற்றையும் ஒரே கையால் வாங்கிக்கொண்டார். காரைப் பற்றியும் பேச்சு அடிபட்டது. வாழைத்தண்டு பம்பரைத் தடவிப் பார்த்த ஒரு பெரியவர், "புது மாடல் போலிருக்கு, அமெரிக்காக்காரன் என்னமா செய்யறான்!" என்றார். அந்தோணி மேஸ்திரி அதற்கு மட்டும் தலைகுனிந்து நன்றி சொல்லிக்கொண்டார்.

மறுநாள் காலையில் மறுபூஜைக்குக் குள்ளமாக ஒருவர் வந்து நின்றார். "யாருப்பா, என்ன வேணும்?" என்று முதலாளி கேட்டார். பிறகுதான் பனியனின் ஓட்டையைப் பார்த்தோம். மீசை இல்லாத அந்த முகம் சின்னதாக இருந்தது. 

முகூர்த்தம் முடிந்த கையோடு வக்கீல் காரை எடுத்துக்கொண்டு வந்தார். நைனாவைப் பார்த்ததும் பதறிப்போனார். உடனே வக்கீலாக மாறி வாதாடத் தொடங்கினார். "இது செல்லாது ஓய். கைப்பிடி இல்லாமல் கார் போகலை. நீதான் கைப்பிடியா இருந்தே. அதுக்கு நான் சாட்சி, மாப்பிள்ளை சாட்சி!"

"கைப்பிடி சரி சாமி. பம்பரு?"

வக்கீல் அந்தக் கேஸில் தோற்றார்.

நைனா சாமான்களை எல்லாம் மாட்டினார். ஒரு திருகாணி மிஞ்சவில்லை, ஒன்று குறையவில்லை. கடைசியில் பம்பரைத் துடைத்து, வழக்கம்போல் முகத்துக்கு நேரே தூக்கிப் பிடித்தார். கை மேலுதட்டுக்குப் போய், அங்கே ஒன்றும் இல்லாமல் திரும்பி வந்தது. "அதே வண்டில, எல்லாத்தியும் மாட்டிக்கினு, ஒரு மாப்ள இந்தக் கேட்டத் தாண்டட்டும். அப்பாலதான் மீசை" என்றார்.

மறுநாள் அந்தோணி மேஸ்திரி மீசை இல்லாமல் வந்தார். "ஒரே வெயில் நைனா, தாங்கல" என்றார். வெளியே ஐப்பசி மழை கொட்டிக்கொண்டிருந்தது. அன்று முதல்முறையாக இரண்டு பேரும் ஒரே பெஞ்சில் உட்கார்ந்து டீ குடித்தார்கள். அதற்கடுத்த நாள் ஒடுக்கு எடுப்பவர் மீசை போயிற்று. பிறகு முதலாளியுடையது. எனக்கு அப்போதுதான் பெண் நிச்சயமாகி, பெண்வீட்டாருக்குப் பிடிக்கட்டும் என்று அரும்பாடுபட்டு ஒரு மெல்லிய மீசை வளர்த்திருந்தேன். அதையும் கொடுத்தேன்.

தை மாதம் என் கல்யாணம். வக்கீல் தானாகவே காரை அனுப்பினார். கேட்டைத் தாண்ட வேண்டும் என்பதால் என் மாப்பிள்ளை அழைப்பு கோயிலிலிருந்து புறப்படாமல் கார் ரிப்பேர் ஷெட்டிலிருந்து புறப்பட்டது. என் மாமனாருக்குக் கடைசிவரை காரணம் புரியவில்லை. கல்யாணப் போட்டோவில் நானும் என் நண்பர்களும் ஒருவர் பாக்கியில்லாமல் மழமழ என்று நிற்பதைப் பார்த்து, ஏதோ நாடகக் கம்பெனியில் பெண் வேஷம் போடுகிறவர்கள் என்று என் மனைவியின் ஊரில் பேசிக்கொண்டார்களாம்.

அன்று பம்பர் இருந்தது, பட்டி இருந்தது, பறவை இருந்தது. கதவில் கைப்பிடி பளபளத்தது, பூட்டு கெட்டியாகப் பூட்டியிருந்தது. ஆனாலும் நைனா அதே அங்கவஸ்திரத்தைப் போட்டுக்கொண்டு, கைப்பிடியைப் பிடித்தபடி என் பக்கத்திலேயே நடந்து வந்தார்.

"நைனா, கதவுதான் பூட்டியிருக்கே" என்றேன் மெதுவாக.

"தெரியும், தெரியும். கையி பழகிப் பூட்சு. நீ மாப்ளயா லட்சணமா முன்னால பாத்துக்கினு வா."

நான் முன்னால் பார்க்கவில்லை. வழி முழுக்க அந்தக் கையைத்தான் பார்த்துக்கொண்டு போனேன்.